ரொட்டிக்கடையில் ஒரு பூஞ்சை

ரொட்டிக்கடைக்காரருக்கு உலகத்தில் பயமென்று ஒன்று இருந்தால் அது பூசணம்தான். ஒரு ரொட்டியில் பச்சைப் புள்ளி தெரிந்தால் போதும், அன்றைக்குக் கடையையே கழுவித் தள்ளிவிடுவார். அவருக்கு வாய்த்த மனைவியோ பூஞ்சை வளர்த்துச் சம்பளம் வாங்குபவள். கல்லூரி ஆய்வகத்தில் வேலை. அதுவும் சாதாரணப் பூஞ்சை இல்லை. மண்ணுக்குள் இருந்துகொண்டு நல்ல சூட்டில் மட்டுமே தழைக்கும் ஓர் இனம்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் அவள் ஒரு பெட்டியோடு கடைக்கு வந்து நின்றாள்.

"அடுப்புக்குப் பின்னாடி விறகு அறையில ஒரு மூலை குடுங்க. மூணு நாள்தான். ஆய்வகத்துல சூட்டுப்பெட்டி மண்டையைப் போட்டுடுச்சு."

"என் கடைக்குள்ள பூசணமா? என்னைக் கொன்னுட்டு வை!"

"மூடியெல்லாம் ஒட்டியிருக்கு. இதுங்களுக்கு ஐம்பது டிகிரி வேணும். தப்பிச்சு உங்க ரொட்டி அலமாரிக்குப் போனாக்கூட குளிர்லயே முடங்கிப் போயிடும்."

"அப்படியே உன்னை மாதிரி. மூணு போர்வை கேக்கும்."

முணுமுணுத்துக்கொண்டேதான் இடம் கொடுத்தார். ஆனால் கதவைச் சாத்திய பத்தாவது நிமிடம், அவள் பெட்டியில் மாட்டிவிட்டுப் போன வெப்பமானியை எட்டிப் பார்த்தார். நாற்பத்தெட்டு. அதற்குப் பிறகு கால் மணிக்கொரு தடவை பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை விறகு ஈரம். சூடு நாற்பத்தொன்றுக்கு இறங்கிவிட்டது. பதறிப்போய் ஆய்வகத்துக்கு ஃபோன் போட்டார்.

"உன் பிள்ளைங்களுக்குக் காய்ச்சல் விட்டுடுச்சு!"

"ஐயோ, விடக் கூடாதே!"

காய்ந்த விறகாகப் பொறுக்கி அடுப்பில் திணித்தார். பூஞ்சை பிழைத்தது, இரண்டு தட்டு பன் அடியில் கரியானது. "இன்னிக்கு மொறுமொறு பன்" என்று கூசாமல் விற்றார்.

திங்கட்கிழமை அவள் பெட்டியைத் திறந்தாள். ஏழு கண்ணாடித் தட்டுகளில் ஒன்று மட்டும் விளிம்பு வரைக்கும் வெள்ளையாகப் பூத்திருந்தது.

"இது எந்த ஊர் மண்ணு?" என்றார்.

அவள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். "உங்க அடுப்புச் சுவர் ஓரத்துல சுரண்டினது. போன மாசம்."

"அடி திருட்டுக் கழுதை! கேக்காமலா எடுத்தே?"

"கேட்டா குடுத்திருப்பீங்களா? நான் ரெண்டு வருஷமா ஊர் ஊரா தேடின இனம் இது. நீங்க இத்தனை வருஷமா சூடேத்தி வச்சிருக்கீங்க."

கோபப்பட நினைத்தார், மீசைக்கடியில் சிரிப்பு முந்திக்கொண்டது.

மறுநாள் கடையைப் பாதியில் சாத்திவிட்டு, கல்யாணமாகி முதல்முறையாக அவள் ஆய்வகத்துக்குப் போனார். நுண்ணோக்கியில் கண்ணை வைத்தார்.

"அடடா, கருகருன்னு எவ்வளவு அழகா இருக்கு!"

"அது உங்க கண்ணிமை முடி. இன்னும் கிட்ட வச்சுப் பாருங்க."

வைத்தார். வெள்ளை நூல்கள் கிளைகிளையாய் ஓடின. பின்னால் மாணவர்கள் வரிசையில் நின்றார்கள். அவள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"நகருங்க, எல்லாரும் காத்திருக்காங்க."

"சும்மா இரும்மா," என்றார் அவர், கண்ணை எடுக்காமலே.