முதல் டப்பா

அந்தத் தெருவில் அவளைக் கொதிப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கோபக்காரி என்பதால் இல்லை. கோபமும் உண்டு, அது வேறு விஷயம். அவள் கடை சூப் கொதிக்கக் கொதிக்கத்தான் டப்பாவில் இறங்கும். "ஆறினதைக் கொடுக்கறதுக்கு நான் எதுக்கு, குழாயைத் திறந்துவிட்டாப் போதாதா?" என்பாள். கோழி சூப்பைத் தெர்மாகோல் டப்பாவில் ஊற்றி, எலுமிச்சைத் தோலைப் போட்டுக் காய்ச்சின எண்ணெயை மேலே ஒரு கரண்டி விட்டு, சட்டென்று மூடிவிடுவாள். அந்த வாசனைக்குத்தான் அவ்வளவு கூட்டம்.

காலையில் போடுகிற முதல் டப்பா தங்கச்சிக்கு. இதில் மட்டும் யாரும் குறுக்கே பேசக்கூடாது. தங்கச்சி நாலு தெரு தள்ளி ஒரு தையல் கூடத்தில் வேலை பார்க்கிறாள், ஆறு மாதக் கர்ப்பம். இதற்கு முன் இரண்டு தடவை வயிற்றில் தங்காமல் போய், அக்காளும் தங்கையும் கட்டிக்கொண்டு அழுத அழுகை போதும் போதும் என்றாகிவிட்டது. இந்தத் தடவை அக்காள் சும்மா இருப்பாளா? மசக்கைக்கு எலுமிச்சை நல்லது என்று எவளோ சொல்லிவைத்தாள். அவ்வளவுதான், தங்கச்சி டப்பாவில் எண்ணெய் இரண்டு கரண்டியாகிவிட்டது. அது ஆறிவிடக்கூடாதே என்று சூட்டு அலமாரிக்குள் வேறு வைத்துவிடுவாள். மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் புருஷன் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவான். கடையிலேயே அதிக நேரம் சூட்டில் கிடக்கிற டப்பா அதுதான். பாசம் என்றால் இப்படியா கண்ணை மூடிக்கொண்டு ஓடும்?

அன்றைக்கும் புருஷன் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டான். அவன் சைக்கிளைச் சாத்தி வைப்பதற்குள் லாரி டிரைவர் ஒருத்தர் டப்பாவும் கையுமாக வந்து நின்றார். காலையிலேயே வாங்கிக்கொண்டு போன ஆள்.

"என்னம்மா இது, சீட்டெல்லாம் சூப்பு! ஓட்டை டப்பாவில ஊத்திக் கொடுக்கறதுதான் வியாபாரமா?"

"எங்க கடை டப்பா ஓட்டையா? வாய்க்கு வந்ததைப் பேசாதீங்க" என்று வாங்கியவள் டப்பாவை வெளிச்சத்துப் பக்கம் சாய்த்துப் பார்த்தாள். உள்ளே பக்கச் சுவர் முழுக்கக் குழி குழியாக அரித்திருந்தது. ஒரு இடத்தில் பொத்தலே விழுந்திருந்தது.

"ஏங்க, டப்பா அடுக்கி வெச்ச இடத்துல எலி புகுந்திருக்கு. பொறி வைங்க, பொறி வைங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே!"

புருஷன் எட்டிப் பார்த்தான். "மூடின டப்பாக்குள்ள போயி, சூப்புல நீந்திக்கிட்டே கடிச்சுதாக்கும் உன் எலி!"

டிரைவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்காதவர் சூப் வாங்க வந்து நின்ற பக்கத்து மருந்துக்கடைக்காரர் ஒருத்தர்தான். ஒரு எலுமிச்சைத் தோலை எடுத்து, புது மூடி ஒன்றின் மேல் பிதுக்கினார். எண்ணெய் தெறித்த இடம் பளபளவென்று ஆகி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெல்ல உள்வாங்கியது.

"இந்தத் தோல் எண்ணெய் தெர்மாகோலைக் கரைக்கும்மா. சூடும் சேர்ந்தா கேட்கவே வேணாம்."

"கரைஞ்சது எங்கே போச்சு?"

"எங்கே போகும்? சூப்புக்குள்ளதான்."

அவள் கையிலிருந்த டப்பாவைக் கீழே வைத்தாள். "சாப்பிட்டா என்ன ஆகும்? வயித்துப் பிள்ளைக்காரி சாப்பிட்டா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நல்லதில்லதான். எவ்வளவு உள்ள போனா எவ்வளவு கெடுதல்னு என்னால உறுதியாச் சொல்ல முடியாதும்மா. ஒண்ணும் ஆகாமலும் இருக்கலாம். டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க. இனிமே இதுல கொடுக்காதீங்க."

இருக்கலாமாம்! ஆகும் என்று சொல்லியிருந்தால் அழுதிருப்பாள், ஆகாது என்று சொல்லியிருந்தால் நிம்மதியாக உட்கார்ந்திருப்பாள். இரண்டும் இல்லாமல் ஒரு இருக்கலாம். அதை வைத்துக்கொண்டு மனுஷி என்ன செய்வாள்?

"ஏங்க, இனி ஒரு டப்பாவும் வெளிய போகக்கூடாது. பாத்திரம் கொண்டு வர்றவங்களுக்கு மட்டும் ஊத்துங்க" என்றாள். இடுப்பில் கட்டின சமையல் துணியோடு அப்படியே தெருவில் இறங்கி ஓடினாள்.

இன்றைய டப்பாவையாவது தடுத்துவிட்டால் போதும், தங்கச்சி வாயில் ஒரு சொட்டுகூடப் போகக்கூடாது. இத்தனை நாள் போனது? கெட்ட எண்ணத்தோடு கொடுக்கிறவளாவது ஒரு நாள் கொடுப்பாள், ஒரு கரண்டி கொடுப்பாள். நான் ஆசை ஆசையாக இரண்டு கரண்டி ஊற்றினேனே, படுபாவி! முந்தின தடவை ஆஸ்பத்திரிக் கட்டிலில் தங்கச்சி சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, "நான் என்னக்கா தப்பா சாப்பிட்டேன்?" என்று கேட்டது காதுக்குள்ளேயே ஒலித்தது. சாலையைக் கடக்கும்போது ஒரு கார்க்காரன் ஹாரனை அழுத்தித் திட்டினான். திட்டு, நல்லாத் திட்டு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே ஓடினாள்.

தையல் கூடத்தில் மெஷின்கள் நின்றுவிட்டிருந்தன. சாப்பாட்டு நேரம் ஆரம்பித்துவிட்டது. நூல் பிசிறும் வெட்டுத்துணியும் கிடந்த தரையில் பெண்கள் இரண்டு மூன்று பேராக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தங்கச்சி தன் மெஷின் ஓரத்தில் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். முன்னால் டப்பா இல்லை.

"டப்பா எங்கடி? சாப்பிட்டுட்டியா? சொல்லுடி!"

"ஏன்க்கா இப்படி மூச்சு வாங்குது? உட்காரு."

"சாப்பிட்டியா இல்லையா?"

தங்கச்சி தலையைக் குனிந்துகொண்டாள். "திட்டக் கூடாது, சரியா? அந்த எலுமிச்சை வாசனை மூக்குல பட்டாலே எனக்குக் குடலைப் புரட்டுது. முதல் நாளே வாந்தி. நீ ஆசையா அனுப்பறே, எப்படிச் சொல்றதுன்னு தெரியல. ஒரு வாய்கூட நான் சாப்பிட்டதில்லக்கா."

"நெசமாவா?"

"சத்தியமா."

"அப்பாடா! என் வயித்துல பாலை வார்த்தேடி!" கொதிப்பக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. தங்கச்சி முகத்தை இரண்டு கையாலும் வழித்து முத்தம் கொடுத்தாள். "அந்த டப்பா சூப்புல கரையுதாம்டி. தினமும் அந்தக் கருமத்தைத்தான் உனக்கு ஊத்தி அனுப்பியிருக்கேன். நல்லவேளை நீ தின்னல! வேற எவ தின்னிருந்தா எனக்கென்ன, என் தங்கச்சி தின்னல, அது போதும்!"

"அக்கா, பேசாதே" என்று தங்கச்சி அவள் கையை அழுத்தினாள். அவள் கண் அக்காளைப் பார்க்கவில்லை, அவளுக்குப் பின்னால் பார்த்தது.

கொதிப்பக்கா திரும்பினாள். பொத்தான் தைக்கிற பெண் ஒருத்தி வெட்டு மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மடியில் டப்பா, கையில் கரண்டி. அவள் வயிறு தங்கச்சி வயிற்றைவிடப் பெரிதாக இருந்தது.

"தினமும் நான்தான்க்கா சாப்பிடறேன்" என்றாள் அவள். "எனக்கு எட்டாம் மாசம்."

அத்தனை பெண்களும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். கொதிப்பக்கா அந்த வயிற்றையே பார்த்தாள். ஒண்ணும் ஆகாமலும் இருக்கலாம் என்று சொல்லலாமா? தனக்கே ஆறாத மனசு, அதைச் சொல்லி இவளுக்கு எப்படி ஆறும்?

"வாம்மா, ஆஸ்பத்திரிக்குப் போவோம். நானே கூட்டிட்டுப் போறேன்" என்று கையை நீட்டினாள்.

அந்தப் பெண் கரண்டியைக் கீழே வைத்தாள். டப்பாவை மடியிலிருந்து எடுத்துத் தள்ளி வைத்துவிட்டு, மேஜையைப் பிடித்துத் தானாகவே எழுந்து நின்றாள். நீட்டின கையை அவள் தொடவில்லை.

"வேணாம். நீங்க உங்க தங்கச்சிக்காகத்தானே ஓடி வந்தீங்க" என்று சொல்லிவிட்டு, வயிற்றைப் பிடித்தபடி வாசலை நோக்கி நடந்தாள்.