ஏழாவது கேள்வி

இந்தப் பள்ளி அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாக எழுத்தர் வேலை பார்க்கிறேன். பிள்ளைகள் நேரில் என்னை ஆபீஸ் அக்கா என்பார்கள், முதுகுக்குப் பின்னால் மிளகாய் என்பார்கள். இரண்டும் எனக்குத் தெரியும், இரண்டுக்கும் திரும்பிப் பார்ப்பேன். ஒரு நாற்காலியில் உட்கார்ந்து மூன்று பேர் வேலையைச் செய்கிறவள் வாயில் தேனா வடியும்?

இந்த வருடம் நாலாவது ஆள் வேலையும் வந்து சேர்ந்தது. மூன்று வருடமாக மனுப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்த உதவித் திட்டம் எங்கள் பள்ளிக்குக் கிடைத்துவிட்டது. பதினோராம் வகுப்பில் முப்பது பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துக் கல்லூரிக்குத் தயார்செய்யும் திட்டம். சனிக்கிழமைதோறும் நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி, மூன்று கல்லூரிகளுக்கு விண்ணப்பக் கட்டணம், விண்ணப்பம் நிரப்பும்போது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஓர் ஆள். நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். வீட்டில் கல்லூரிப் படிப்பு படித்தவர் யாரும் இருக்கக் கூடாது. படித்த அண்ணனோ சித்தியோ இருக்கிற பிள்ளைக்கு வழி கேட்க ஆள் இருக்கிறது, இல்லாத பிள்ளைக்குத்தான் இது. நியாயமான நிபந்தனை, நான் குறை சொல்ல மாட்டேன்.

படிவம் இங்கிலீஷில் வந்தது. “பெத்தவங்களுக்குப் புரியணும், தமிழ்ல எழுதிக் குடுத்துடு” என்றார் தலைமையாசிரியை. என் தமிழைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. ஒரே மத்தியானத்தில் எழுதி முடித்தேன். ஏழாவது கேள்வியில் மட்டும் பேனா நின்றது. ‘வீட்டில் யாராவது படித்திருக்கிறார்களா’ என்று முகத்துக்கு நேரே கேட்டால், படிக்காதவர்களுக்குச் சுருக்கென்று இருக்குமே என்று தோன்றியது. அதனால் மரியாதையாக இருக்கட்டும் என்று இப்படி எழுதினேன்: ‘உங்கள் வீட்டில் யாராவது கல்லூரிக்குச் சென்றிருக்கிறார்களா? ஆம் எனில் யார், எத்தனை ஆண்டுகள்?’

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, அந்தக் குரங்கு அன்றைக்கே என் மேஜையில் ஏறி உட்கார்ந்துவிட்டது. எனக்குத்தான் தெரியவில்லை.

நாற்பது படிவங்கள் திரும்பி வந்தன. அன்றைக்குச் சம்பளப் பட்டியல் வேறு தலைமேல் நின்றது. ஏழாவது கேள்விக்கு ‘இல்லை’ என்றிருந்ததெல்லாம் வலது பக்கம், ‘ஆம்’ என்றிருந்ததெல்லாம் இடது பக்கம். இஸ்திரிக்குத் துணி பிரிக்கிற மாதிரிப் பிரித்தேன், ஒன்றையும் படித்துப் பார்க்கவில்லை. வலது பக்கம் இருபத்தொன்பது. முப்பது இடத்துக்கு இருபத்தொன்பது பேர். பட்டியலைத் தட்டச்சு செய்து, திட்டத்துக்குப் பணம் தரும் நிதி அலுவலகத்துக்கு அனுப்பினேன், திங்கட்கிழமை காலையில் பலகையில் ஒட்டினேன்.

ஒட்டிவிட்டு வந்து உட்கார்ந்ததும் வக்கீல் வருவாள் என்று காத்திருந்தேன். வக்கீல் என்பது பதினோராம் வகுப்பில் ஒரு பெண்ணுக்கு ஆசிரியர்கள் வைத்த பெயர். வருகைப் பதிவில் ஒரு நாள் ‘தாமதம்’ என்று போட்டதற்கு, பள்ளிக் கடிகாரம் நாலு நிமிடம் வேகமாக ஓடுகிறது என்று நிரூபித்து அதை அடிக்க வைத்தவள் அவள். வகுப்பில் முதல் மூன்று பேரில் ஒருத்தி. மருந்தியல் படிக்க வேண்டும் என்று என்னிடமே பத்துத் தடவை சொல்லியிருக்கிறாள். அம்மா சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறார், அப்பா குழாய் வேலை பார்க்கிறார். பள்ளி முடிந்ததும் தெருமுனை மருந்துக் கடையில் பில் போடும் வேலை அவளுக்குப் பேசி வைத்திருப்பதாகவும் கேள்வி. இந்தத் திட்டம் கிடைத்தால் கல்லூரி, கிடைக்காவிட்டால் கல்லாப்பெட்டி. பட்டியலில் அவள் பெயர் இல்லை. இப்படிப்பட்டவள் இந்நேரம் என் மேஜையைப் பிளந்திருக்க வேண்டாமா?

வரவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பலகை முன்னால் நின்றாள், மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை படித்தாள், பையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டாள்.

எனக்கு அது சரியாகப் படவில்லை. இடது பக்கம் வைத்த படிவங்களை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மொத்தம் பதினொன்று. ‘ஆம். அண்ணன். மூன்று ஆண்டுகள்.’ ‘ஆம். சித்தி. நான்கு ஆண்டுகள்.’ அவளுடைய படிவத்தில் மணி மணியான கையெழுத்தில் எழுதியிருந்தது: ‘ஆம். அப்பா. பதினோரு ஆண்டுகள்.’

முதலில் சிரிப்புதான் வந்தது. பதினோரு வருடம் கல்லூரியில் படித்தவர் எதற்குக் குழாய் பிடிக்கிறார், எத்தனை பாடத்தில் கோட்டை விட்டார் என்று நினைத்தேன். அப்புறம் முதல் பக்கத்தைத் திருப்பி, அப்பா வேலை பார்க்கும் இடம் என்ற கட்டத்தைப் பார்த்தேன். ஊரின் பெரிய கல்லூரி, பராமரிப்புப் பிரிவு.

சிரிப்பு நின்றுவிட்டது. அந்த மனிதர் பதினோரு வருடமாகத் தினமும் காலையில் கல்லூரிக்குச் செல்கிறார். நான் கேட்ட கேள்விக்கு அவ்வளவு சரியான பதிலை வேறு யாரும் எழுதவில்லை.

படிவத்தை எடுத்துக்கொண்டு தலைமையாசிரியை அறைக்கு ஓடினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

“மத்த முப்பத்தொம்பது பேருக்கும் புரிஞ்சிருக்கே.”

“ஒருத்தருக்குப் புரியலன்னாலும் கேள்வி தப்புதானே டீச்சர்?”

“கேள்வி தப்புன்னு நீயே எழுதிக் குடுத்தா, எல்லாப் படிவமும் தப்புன்னு திருப்பி அனுப்பிடுவாங்க. மூணு வருஷம் நாயா அலைஞ்சு வாங்கினது. சும்மா இருக்கிற ஓணானை எடுத்து மடியில விட்டுக்காத.”

அவர் கெட்டவர் இல்லை. இருபத்தொன்பது பிள்ளைகளை நினைத்துப் பயப்படுகிறார், அவ்வளவுதான். ஆனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க என்னால் முடியாது, அதுவும் என் கையால் விளைந்த பூசணிக்காயை. “தப்பு பள்ளிக்கூடத்தோடது இல்ல, எழுத்தரோடதுன்னு எழுதறேன். திட்டினா என்னைத் திட்டட்டும்” என்றேன். அவர் கண்ணாடியை எடுத்து மறுபடியும் மாட்டிக்கொண்டார். “எழுது. எழுதிட்டு எங்கிட்ட காட்டு” என்றார்.

கடிதம் போன மறுநாள் நிதி அலுவலகத்து அதிகாரி தொலைபேசியில் கூப்பிட்டார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம். கையெழுத்துப் போட்ட படிவத்தைத் திருத்த முடியாது என்றார். காலியாக இருக்கும் அந்த ஓர் இடம் வெள்ளிக்கிழமை மாலை வேறு பள்ளிக்குப் போய்விடும் என்றார். அப்பா கல்லூரியில் படிக்கவில்லை என்பதற்கு ஆதாரம் உண்டா என்று கேட்டார்.

“சார், படிச்சதுக்குத்தான் சர்டிஃபிகேட் தருவாங்க. படிக்காததுக்கு எந்த ஆபீஸ்ல சார் தர்றாங்க? சொல்லுங்க, நானே போய் வரிசையில நிக்கறேன்.”

கடைசியில், பெற்றோர் ஓர் உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டு, தலைமையாசிரியையும் கையெழுத்திட்டுத் தந்தால் பரிசீலிக்கலாம் என்றார், வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குள்.

அப்பா வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு வந்தார். ஒல்லியான மனிதர். கால்சட்டையின் முழங்கால் ஈரமாக இருந்தது, ஸ்பேனர் பையைத் தரை அழுக்காகுமே என்று வாசலுக்கு வெளியிலேயே வைத்தார். மகளை நான்தான் வகுப்பிலிருந்து கூப்பிட்டு அனுப்பியிருந்தேன். அவள் அலமாரி பக்கமாக நின்றுகொண்டாள். தட்டச்சு செய்து வைத்திருந்த தாளை அவரிடம் நீட்டினேன். கையைச் சட்டையில் இரண்டு தடவை துடைத்துவிட்டு வாங்கி, உதடு அசைய நிதானமாகப் படித்தார். படித்துவிட்டு மேஜைமேல் வைத்துவிட்டார்.

“மன்னிச்சுக்கங்கம்மா. இதுல நான் கையெழுத்துப் போட முடியாது.”

“ஏங்க?”

“எங்கள் வீட்டில் யாரும் கல்லூரிக்குச் சென்றதில்லைன்னு போட்டிருக்கு. நான் பதினோரு வருஷமா போறேனே. லீவு கூட அதிகம் எடுத்ததில்லை. மூணு மாடிக்கும் தண்ணி எந்த வால்வுல திரும்புதுன்னு அங்க என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. புள்ளைக்காகத்தான், இல்லைங்கல. ஆனா பொய்யில கையெழுத்துப் போட்டா அது அவளுக்கு நல்லதா?”

தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. விழுந்த குழியிலேயே மறுபடியும் விழுந்திருக்கிறேன். அவசரத்தில் அதே சொல்லைத்தான் தட்டியிருந்தேன். யானைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லிக்கொள்ளலாம்தான், ஆனால் எந்த யானை ஒரே இடத்தில் இரண்டு தடவை சறுக்கும்?

“ஒரு நிமிஷம் இருங்க” என்று சொல்லிவிட்டுப் புதுத் தாள் எடுத்துத் தட்டினேன். ‘எங்கள் வீட்டில் யாரும் கல்லூரியில் படித்ததில்லை.’ மரியாதையும் வேண்டாம், அலங்காரமும் வேண்டாம்.

அதையும் அவர் உதடு அசையப் படித்தார். கடைசிச் சொல்லில் உதடு நின்றது. அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எதைச் சுருக்கென்று குத்தக் கூடாது என்று நினைத்தேனோ அது இப்போது குத்திவிட்டது, அதுவும் மகளுக்கு முன்னால். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“ஓ... படிச்சவங்களையா கேட்டிருக்காங்க” என்றார் மெதுவாக. “அப்ப நான் சொன்னதாலதான் புள்ளைக்குப் போச்சா?”

“நீங்க சொன்னது சரிதாங்க. நான் கேட்டதுதான் தப்பு. லெட்டர்லயே எழுதிக் குடுத்துட்டேன்.”

“படிக்கலைன்னா படிக்கலைதான். அதுல என்னங்க இருக்கு” என்று சொல்லிச் சிரித்தார். பேனாவை வாங்கி, ஒவ்வோர் எழுத்தாக, இடைவெளி விட்டுக் கையெழுத்துப் போட்டார். பிறகு மகளைப் பார்த்து, “நல்லா படி” என்றார். ஸ்பேனர் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மணி இரண்டேகால். தாளைத் தலைமையாசிரியையின் கையெழுத்தோடு இரண்டரைக்கு அனுப்பினேன், மூன்றரைக்குப் பதில் வந்தது. ஏற்றுக்கொண்டார்கள்.

பலகையில் இருந்த பட்டியலின் கீழே முப்பதாவது பெயரை நானே பேனாவால் எழுதினேன். சந்தோஷமாக இருந்தது. இந்த வருடம் நான் உருப்படியாகச் செய்த காரியம் இது ஒன்றுதான் என்றுகூடத் தோன்றியது.

திங்கட்கிழமை பள்ளி விட்ட பிறகு வக்கீல் அலுவலகத்துக்கு வந்தாள். நன்றி சொல்லத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்து, முகத்தைக் கொஞ்சம் கடுமையாக வைத்துக்கொண்டேன்.

“அக்கா, லெட்டர்ல உங்க தப்புன்னு எழுதிட்டீங்களாமே.”

“ஆமா. அதுக்கென்ன இப்போ?”

“உங்க தப்பு இல்லக்கா.” மேஜை விளிம்பை நகத்தால் சுரண்டினாள். “எனக்குக் கேள்வி நல்லாவே புரிஞ்சது. இல்லைன்னு எழுதத்தான் பேனாவை வச்சேன். அப்பா பக்கத்துல உட்கார்ந்து பாத்துக்கிட்டே இருந்தாரு. ‘இதுக்கென்ன யோசனை, நான்தான் பதினோரு வருஷமா போறேனே, என் பேரை எழுது’ன்னாரு. அவ்வளவு சந்தோஷமா சொன்னாரு. அம்மாவும் அங்கதான் இருந்தாங்க. அது இல்லப்பா, உன்னைக் கேக்கலன்னு எப்படிக்கா சொல்றது?”

“சரி, அப்புறமா மாத்தி எழுதியிருக்கலாம் இல்ல?”

“கீழ அவரு கையெழுத்துப் போட்டுட்டாரு. அதுக்கு மேல எப்படி அடிச்சு எழுதறது?”

மருந்தியலை, மூன்று கல்லூரிகளை, ஒரு வருடத்துச் சனிக்கிழமைகளை இந்தப் பெண் ஒரு கட்டத்துக்குள் எழுதித் தொலைத்திருக்கிறாள், தெரிந்தே. இவளைக் கன்னத்தில் ஒன்று வைக்கலாமா, கட்டிக்கொள்ளலாமா என்று எனக்குப் புரியவில்லை. அவளைக் காப்பாற்றுகிறேன் என்று கிளம்பி, அவள் எதைச் சொல்லக் கூடாதென்று அத்தனையும் விட்டாளோ, அதை அவள் கண்ணெதிரில் அவரே கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொள்ளும்படி செய்துவிட்டேன்.

“அப்பாகிட்ட சொல்லிடாதீங்கக்கா. எனக்கும் அவர மாதிரியே புரியலன்னு நினைச்சுக்கிட்டு இருக்காரு. நேத்து ராத்திரி, நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே மூளைன்னு சொல்லிச் சிரிச்சாரு.”

“எதைச் சொல்றது?” என்றேன். “கேள்வியைத் தப்பா எழுதினது நான். லெட்டர்ல அப்படித்தான் இருக்கு, பெரிய டீச்சர் கையெழுத்தும் போட்டுட்டாங்க. கையெழுத்துப் போட்டதைத் திருத்த முடியாதாம், சட்டம். சனிக்கிழமை ஒம்பது மணிக்கு வகுப்பு. போ.”

அவள் போனாள். நான் அந்தப் பழைய படிவத்தை எடுத்து, ஏழாவது கேள்விக்கு எழுதியிருந்த பதிலை இன்னொரு தடவை படித்துவிட்டு, அலமாரியில் பத்திரமாக வைத்துப் பூட்டினேன்.