பெட்ரோல் பங்கில் நிற்கும் சோணை

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ராதாமணி போன் அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். கையில் ஒரு துண்டுச் சீட்டு இருக்கும். அந்த வாரத்தில் சேர்ந்த சந்தேகங்களை அதில் எழுதி வைத்திருப்பாள்.

"சொல்லுக்கா, இந்த வாரம் என்ன குண்டு?" என்று பெங்களூரிலிருந்து தம்பி வெங்கடேஷ்பாபு ஆரம்பிப்பான்.

"புது வீடியோ ஒண்ணு விட்டிருக்கான், பார்த்தியா? முழுக்கச் சுடுறதுதான்டா. பேச்சையே காணோம்."

"மூணு நிமிஷ வீடியோல பேச்சையா காட்டுவான்? சுட்டாத்தான் நாலு பேரு பாப்பாங்க."

"முந்தியெல்லாம் மேலேருந்து பார்க்கிற மாதிரி இருக்கும். நாம நடக்கிறது நமக்கே தெரியும். இதுல துப்பாக்கி மட்டும் முன்னாடி நீட்டிக்கிட்டு நிக்குது. நம்ம மூஞ்சியே தெரியலை."

"உன் மூஞ்சியைப் பார்த்து என்ன பண்ணப் போற? அதான் கண்ணாடி இருக்குல்ல."

இப்படி அரை மணி நேரம் போகும். 2008ஆம் ஆண்டு அது. ஏழு வருஷமாக வராது என்று எல்லோரும் கைகழுவியிருந்த 'லாஸ்ட் வெல்' கம்ப்யூட்டர் விளையாட்டின் மூன்றாம் பாகம் தீபாவளியை ஒட்டி வெளியாகப் போகிறது என்று அறிவிப்பு வந்திருந்தது. போர் முடிந்து உலகம் கருகிப்போன பின், மிச்சமிருக்கும் மனிதர்கள் கிணறு கிணறாகத் தண்ணீர் தேடி அலையும் கதை. முதல் இரண்டு பாகங்களை எடுத்த கம்பெனி மூடிப்போய், பெயரை வேறொரு கம்பெனி வாங்கியிருந்தது. பெயரை வாங்கியவனுக்குக் கதையின் மனசு தெரியுமா என்பதுதான் ராதாமணியின் எல்லாச் சந்தேகங்களுக்கும் அடியில் இருந்த சந்தேகம்.

அவளுக்கு வயது முப்பத்துமூன்று. காளவாசல் பக்கம் ஒரு மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் ஆபீசில் வேலை. காலை ஆறு மணிக்குக் காதில் ஹெட்போன் மாட்டி, காலடியில் பெடலை மிதித்தால், எங்கோ அமெரிக்காவில் ஒரு டாக்டர் தன் நோயாளியின் குடலைப் பற்றி முணுமுணுப்பார். அதைக் கேட்டு டைப் அடிக்க வேண்டும். மத்தியானம் இரண்டு மணி வரை அவளிடம் நிறையப் பேர் பேசினார்கள். அவளோடு யாரும் பேசவில்லை. ஷிப்ட் முடிந்ததும் பிரவுசிங் சென்டரில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, அந்த விளையாட்டைப் பற்றி உலகம் முழுக்க இருப்பவர்கள் சண்டை போடும் இணையப் பக்கத்தைப் படிப்பாள். பிறகு பந்தடித் தெரு வீட்டுக்கு வந்து அப்பா சௌரிராஜனுக்குக் காபி போட்டுக் கொடுப்பாள்.

பக்கத்து சீட் மதுவந்திக்கு இது புரிந்ததே இல்லை. "உலகம் அழிஞ்சு போனதையா வெளையாடுவீங்க? எங்க திருநகர்ல நேத்து எட்டு மணி நேரம் கரண்ட் இல்லைக்கா. அங்க வாங்க, காசு வாங்காமக் காட்டுறேன்" என்பாள்.

ராதாமணி சிரித்து வைப்பாள். விளக்கிச் சொல்ல ஆரம்பித்தால் எங்கே முடியும் என்று அவளுக்கே தெரியாது.

*

வீட்டில் முதல் கம்ப்யூட்டர் வந்தது பாபு காலேஜில் சேர்ந்த வருஷம். டவுன்ஹால் ரோட்டுக் கடை ஒன்றில் காப்பி போட்ட சி.டி.யாக விளையாட்டு வந்தது. மவுஸ் பாபுவிடம். இங்கிலீஷ் அக்காவிடம், அவள் பி.ஏ. இலக்கியம். திரையில் யாராவது பேசினால் அவள் உரக்கப் படிப்பாள். அவன், "என்னக்கா சொல்றான்?" என்பான். அவள் தமிழில் சொல்வாள். என்ன பதில் சொல்வது என்று இருவரும் அடித்துக்கொள்வார்கள். வீட்டில் பேசுவதெல்லாம் சௌராஷ்ட்ரம்தான். இந்த விளையாட்டுப் பேச்சு மட்டும் ஆரம்பத்திலிருந்தே எப்படியோ தமிழில் ஓடியது. வரைபடம் போடுவது அக்காவின் வேலை. கட்டம் போட்ட தாளில் பென்சிலால் வழி, கதவு, கண்ணிவெடி எல்லாம் குறித்து வைப்பாள்.

ஒருமுறை பேரையூரில் உறவுக் கல்யாணத்துக்குப் பஸ்ஸில் போனார்கள். டி.கல்லுப்பட்டி தாண்டியதும் இருபுறமும் கரிசல் வெடித்துக் கிடந்தது. வேலிக்கருவையைத் தவிரப் பச்சை இல்லை. கூரை இடிந்த ஒரு பம்ப்செட் அறை நடுக்காட்டில் தனியாக நின்றது. பாபு அவள் முழங்கையை இடித்து, "க்கா, உள்ள வந்துட்டோம். துப்பாக்கிய எடு" என்றான். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். இருவரும் திருமங்கலத்தில் குடித்த கலர் சோடா மூக்கில் ஏறச் சிரித்தார்கள்.

இரண்டாம் பாகத்தில் அவர்களோடு ஒரு கிழட்டு மெக்கானிக் சேர்ந்துகொண்டான். அடர்ந்த மீசை, தோளில் டூல் பெட்டி. அவனுக்கு ஏதோ வெள்ளைக்காரப் பெயர் இருந்தது. தெருவில் அடிபம்பு ரிப்பேருக்கு வருகிற சோணையின் மீசையை அப்படியே பெயர்த்து ஒட்டியது போல இருந்ததால், அன்றிலிருந்து அவன் சோணை அண்ணன் ஆனான். கடைசிக் கட்டம் பூமிக்கடியில் ஒரு நீரேற்று நிலையம். உள்ளே விஷப்புகை. சோணையைக் கூட்டிக்கொண்டு போனபோது இரண்டு முறையும் அவன் செத்துப்போனான். இரண்டு முறையும் அவர்கள் முன்பு சேமித்து வைத்திருந்த சேவ் கேமைத் திறந்து திரும்பி வந்தார்கள். மூன்றாம் முறை ராதாமணி சொன்னாள்: "அண்ணனை வெளியவே விட்டுட்டுப் போவோம்டா. திரும்பி வாரப்போ கூட்டிக்கலாம்."

உடைந்த பெட்ரோல் பங்க் ஒன்றின் வாசலில் அவனை நிற்கச் சொன்னார்கள். அப்படி ஒரு வசதி அந்த விளையாட்டில் உண்டு. நில் என்று சொன்னால் நிற்பார்கள். நீ வரும்வரை நிற்பார்கள். நிலையத்தின் இரும்புக் கதவுக்கு முன் வந்து சேவ் செய்தபோது, அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். அன்றுதான் பாபுவுக்குப் பெட்டி கட்டினார்கள். மறுநாள் பெங்களூர், முதல் வேலை.

"மூணாவது பார்ட் வரதுக்குள்ள முடிச்சிருவோம்" என்றான் ரயிலடியில். "நீ தனியா ஆடிறாத. நானும் ஆட மாட்டேன். ரெண்டு பேரும் சேர்ந்துதான்."

அதன் பிறகு அம்மா இறந்துபோனாள். பாபுவுக்குக் கல்யாணம் ஆனது. ராதாமணிக்கு வந்த வரன்கள் வந்த வழியே போயின. பாபுவின் போன் மாதத்துக்கு ஒன்றாக, பிறகு பண்டிகைக்கு ஒன்றாக ஆனது. மூன்றாம் பாகம் அறிவிக்கப்பட்ட பிறகுதான் ஞாயிறு பத்து மணிப் போன் திரும்ப உயிர் பெற்றது.

அதனால் அவளுக்கு ஒரு பயம் இருந்தது. அதைச் சீட்டில் எழுதவில்லை. சந்தேகம் இருக்கிறவரை பாபு பேசுவான். விளையாட்டு வந்துவிட்டால் சந்தேகம் தீர்ந்துவிடும். அதற்கு முன்னால் அந்த இரும்புக் கதவை இருவரும் சேர்ந்து திறந்துவிட்டால், பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று மிஞ்சும் என்று நினைத்தாள். தீபாவளிக்கு வருவதாகவும், கண்டிப்பாக உட்கார்ந்து முடித்துவிடலாம் என்றும் அவன் சொல்லியிருந்தான்.

பழைய கம்ப்யூட்டரை அவள் குழந்தை போல வைத்திருந்தாள். சுங்குடித் துண்டில் உறை தைத்துப் போட்டிருந்தாள். அந்த மாதம் யு.பி.எஸ்.ஸுக்குப் புது பேட்டரி மாற்றினாள்.

பொதுச் சந்தேகங்கள் தவிர, தனக்கென்று ஒரு கேள்வியையும் அவள் இணையப் பக்கத்தில் கேட்டிருந்தாள். மூன்றாம் பாகத்தில், கூட வருபவரை ஓரிடத்தில் நிற்கச் சொன்னால் நிற்பாரா? நான்கு பேர் கேலி செய்தார்கள். ஒருவன் மட்டும், நல்ல கேள்வி, யாருக்கும் தெரியாது என்று எழுதியிருந்தான்.

*

தீபாவளிக்கு முதல் நாள் மத்தியானம் கரண்ட் வந்ததும் பாபு நாற்காலியில் உட்கார்ந்தான். அவன் மனைவி ஸ்வப்னா விளக்குத்தூண் பக்கம் துணி எடுக்கப் போயிருந்தாள். அப்பா கூடத்தில் டி.வி.யைச் சத்தமாக வைத்திருந்தார்.

"இது இன்னுமா ஓடுது? மியூசியத்துக்குக் குடுத்துரலாம்க்கா" என்று உறையை எடுத்தான்.

"பேசாம மவுஸைப் பிடி."

ராதாமணி பக்கத்தில் ஸ்டூலைப் போட்டாள். மடியில் கட்டத்தாள், பழுப்பேறிப் போனது. வரைபடம் இரும்புக் கதவு வரை வந்து நின்றிருந்தது. அதற்கு மேல் வெறும் கட்டங்கள். இரண்டு பென்சிலைக் கூராகச் சீவி வைத்திருந்தாள்.

கதவு திறந்தது. மங்கலான பச்சை வெளிச்சம். மூன்று வழிகள் பிரிந்தன. அவள் பென்சிலைத் தாளில் வைப்பதற்குள் பாபு இடது பக்கம் போனான். இரண்டாவது அறைக்குள் நுழைந்தான். ஓர் இடத்தில் நடுத்தரையை மிதிக்காமல் சுவரோரமாக வளைந்து நடந்தான்.

"மெதுவாடா, நான் குறிக்க வேணாமா?"

"சரி, சரி."

ஆனால் மெதுவாகப் போகவில்லை. அவன் கை நிற்கவில்லை. எதிரே வெறும் சுவர். வேறு யாராக இருந்தாலும் திரும்பியிருப்பார்கள். பாபு நேராகப் போய், மூலையில் இருந்த பீப்பாயின் பின்னால் கையை விட்டான். சுவர் நகர்ந்தது. இடையில் அவன் இன்னொரு கையால் செல்போனை எடுத்து ஸ்வப்னாவின் மெசேஜைப் படித்துக்கொண்டும் இருந்தான்.

ராதாமணி பென்சிலைக் கீழே வைத்தாள்.

"பீப்பாய்க்குப் பின்னாடி சுவிட்ச் இருக்குன்னு எப்படிடா தெரியும்?"

பாபுவின் கை அப்போதுதான் நின்றது.

அவன் பதில் சௌராஷ்ட்ரத்தில் வந்தது. இந்த விளையாட்டை வைத்து அவன் அந்த மொழியில் பேசியது அதுவே முதல் தடவை. பெங்களூர் ரூமில் இருந்த பையன்கள் போட்டார்கள் என்றான். மழைநாள், வெளியே போக முடியவில்லை, சும்மா உட்கார்ந்தேன், முடிந்துவிட்டது என்றான். 2003 என்றான். உன்னிடம் சொன்னால் வருத்தப்படுவாய் என்று விட்டுவிட்டேன் என்றான்.

அவள் தமிழிலேயே கேட்டாள்: "சோணையை என்ன செஞ்ச?"

"யாரை?"

அவள் கட்டத்தாளில் பெட்ரோல் பங்கைத் தொட்டுக் காட்டினாள்.

"ஓ, அந்த மெக்கானிக்கா? அங்கயேதான் இருந்தான்க்கா. முடிவுக்கு அவன் தேவையில்லை."

நேரங்கெட்ட நேரத்தில் அப்போது கரண்ட் போனது. கூடத்தில் டி.வி. அடங்கி அப்பாவின் இருமல் கேட்டது. யு.பி.எஸ். விட்டு விட்டுக் கூவ ஆரம்பித்தது.

"சேவ் பண்ணிரவா?" என்றான் பாபு.

"வேணாம்."

"அஞ்சு நிமிஷம்தான்க்கா தாங்கும். இம்புட்டு தூரம் வந்தாச்சு. அடுத்த கதவுதான் கடைசி."

"வேணாம்டா. விடு."

இருவரும் அந்தக் கூவலைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அது அவசரமாகி, ஒரே நீளச் சத்தமாகி, திரையோடு சேர்ந்து நின்றது. பாபு எழுந்து அவள் தோளைத் தொட்டான். "கேம்தானேக்கா" என்றான். அவள் ஆமாம் என்று தலையாட்டினாள். வாசலில் ஸ்வப்னாவின் ஆட்டோ வந்து நின்றது. ராதாமணி எழுந்துபோய்ப் பைகளை வாங்கிக்கொண்டாள். புடவைகளைப் பிரித்துப் பார்த்து நிறம் நன்றாக இருக்கிறது என்றாள். நன்றாகத்தான் இருந்தது.

*

அடுத்த ஞாயிறு பத்து மணிக்குப் போன் அடித்தது. அடிக்காது என்று நினைத்து அவள் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். ஈரக் கையோடு ஓடி வந்தாள்.

"வந்துருச்சுக்கா!" என்றான் பாபு. குரலில் தூக்கமே இல்லாத உற்சாகம். "ரெண்டு நாளா அதான். லீவு போட்டுட்டேன். ஊரே கண்ணு முன்னாடி இடிஞ்சு கெடக்கு, பார்த்தா நெசமா இருக்கு. உன் சந்தேகத்துல பாதி சரி. பேச்சு குறைச்சல்தான். ஆனா இருக்கிற பேச்சு நல்லாருக்கு. உன் மெஷின்ல ஓடாது. பொங்கலுக்கு வாரப்போ லேப்டாப்ல போட்டுக் காட்டுறேன்."

"சரிடா."

"அப்புறம், நெட்டுல நீ ஒண்ணு கேட்டிருந்தல்ல, நிக்கச் சொன்னா நிப்பாங்களான்னு. அதுக்குன்னே ஒருத்தனை நிக்க வெச்சுப் பார்த்தேன்."

அவள் போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டாள். "நின்னானா?"

"நின்னான். ஆனா ரொம்ப நேரம் போகலேன்னா அவங்களே கெளம்பிச் சொந்த ஊருக்குப் போயிடுறாங்க. நாம அங்க போய்த்தான் தேடணும். முந்தி மாதிரி நின்னுக்கிட்டே இருக்கிறதில்லை."

"நல்லதுதான்" என்றாள் ராதாமணி. "அது நல்ல மாத்தம்தான்டா."

இன்னும் ஏதேதோ சொன்னான். வேறு சந்தேகம் உண்டா என்று கேட்டான். இல்லை என்றாள். ஆறு நிமிடத்தில் பேச்சு முடிந்தது.

துணிகளைக் காயப்போட்டுவிட்டு வந்து கம்ப்யூட்டரின் உறையை எடுத்தாள். அந்த வாரத்து மின்வெட்டுப் பட்டியல்படி கரண்ட் இரண்டு மணி வரை இருக்கும். மவுஸ் அவள் கைக்குப் பழகவில்லை, அம்புக்குறி தத்தளித்தது. ஏழு வருஷத்துக்கு முந்தைய அந்தச் சேவ் கேமைத் திறந்தாள். இரும்புக் கதவு வந்தது. அதற்கு முதுகைக் காட்டித் திரும்பி நடந்தாள்.

கட்டத்தாளை மடியில் வைத்து, தன் கையெழுத்தைத் தானே படித்து, வந்த வழியே போனாள். இடிந்த பாலம். உப்புக் காடு. நாய்கள் துரத்திய இடம். ஓரிடத்தில் வழி தவறி, தேவையில்லாத சண்டையில் மாட்டி, மருந்தெல்லாம் தீர்ந்தது. முக்கால் மணி நேரம் ஆனது. பெட்ரோல் பங்க் திரையின் ஓரத்தில் தெரிந்தது. வாசலில் டூல் பெட்டியோடு ஒரு சின்ன உருவம், விட்ட இடத்தில், விட்ட திசையைப் பார்த்தபடி நின்றது.

பக்கத்தில் போய் அவன்மேல் கிளிக் செய்தாள். மீசை முகம் பெரிதாக வந்தது. கீழே ஒரு வரி எழுத்து விழுந்தது. பழக்கதோஷத்தில் அதை இங்கிலீஷில் உரக்கப் படித்தாள். படித்துவிட்டு, என்ன சொல்றான் என்று யாராவது கேட்பதற்காக நிறுத்தினாள். டி.வி. சத்தம்தான் கேட்டது.

"அதுக்குள்ள வந்துட்டீங்களான்னு கேக்குறான்" என்றாள்.

திரையின் மூலையில் அந்த உலகத்துக் காலண்டர் இருந்தது. சோணையை நிறுத்திவிட்டுப் போய் அங்கே இரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

"யாரும்மா வந்திருக்கா?" என்று அப்பா கூடத்திலிருந்து கேட்டார்.

"யாரும் இல்லைப்பா."

சோணைக்குச் சொல்ல மூன்று பதில்கள் வரிசையாகக் காத்திருந்தன. இங்கேயே நில். உன் ஊருக்குப் போ. என்னோடு வா. அம்புக்குறியை மூன்றின் மேலும் ஒருமுறை கொண்டுபோய்ப் பார்த்தாள். பிறகு மூன்றாவதை அழுத்தினாள். அவன் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் பின்னால் வந்தான். நிலையம் வடக்கே இருந்தது. ராதாமணி பென்சிலை எடுத்து, கட்டத்தாளில் பெட்ரோல் பங்குக்குத் தெற்கே, இதுவரை எதுவும் வரையாத பக்கத்தில், முதல் கோட்டைப் போட்டாள்.