காவலாள் இல்லாத தொட்டி

வாடைக்காற்றில் விரல்கள் விறைத்துப்போகும் விடியலிலேயே கப்பல் கட்டும் தளத்தில் சுத்தியல்கள் ஒலிக்கத் தொடங்கிவிட்டன. கப்பலின் அடிவயிற்றில், தவழ்ந்து மட்டுமே போகக்கூடிய இரும்புத் தொட்டிகளுக்குள் தகடுகளைப் பற்றவைப்பது நெதில்கோவின் வேலை. அன்று அவர் தொட்டியின் வாயிலில் நின்றார், இறங்கவில்லை. அவர் மைத்துனன் பிரானே போன வாரம் மூச்சடைத்து இறந்தது அதற்குள்தான்.

தொட்டிக்குள் இறங்குகிறவன் தன் மேற்சட்டையை வாயிலில் மாட்டிவிட்டுப் போவது அத்தளத்தின் வழக்கம். வெளியே ஒரு காவலாள் காற்றுக்குழாயைப் பார்த்துக்கொண்டு நிற்பான். குரோவாசியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரவேண்டுமானால் கப்பல் தளங்கள் தனியாருக்குப் போகவேண்டும் என்பது நிபந்தனை. வாங்கிய முதலாளி, 'சும்மா நிற்கிறவர்கள்' என்று காவலாட்களைத்தான் முதலில் வீட்டுக்கு அனுப்பினார். உள்ளே ஆள் இருப்பதற்கு மேற்சட்டை மட்டுமே அடையாளமாக மிஞ்சியது. குளிர் தாங்காத பிரானே அன்று அதைக் கழற்றாமலே இறங்கிவிட்டான். தொட்டி காலி என்று எண்ணிக் குழாயை அடுத்த தொட்டிக்கு இழுத்துச் சென்றவர் நெதில்கோ. அதை வீட்டில் சொன்ன கணத்திலிருந்து அவர் மனைவி மாத்தியா அவருடன் பேசவில்லை. பிரானே அவளுடைய தம்பி.

மேலாளர் லொவ்ரிச் வந்தார்.

"கோடையில ஒன்றியத்துக்குள்ள போறோம். அப்புறம் அமெரிக்காக்காரனும் சீனாக்காரனும் நமக்கு மரியாதை குடுப்பான். நீ ஓட்டை முன்னாடி நின்னு துக்கம் காக்குறியா? இறங்குய்யா."

"மரியாதை அப்புறம் வரட்டும், ஐயா. முதல்ல காத்து வரட்டும்" என்றார் பக்கத்தில் நின்ற கிழவர் ஷீமே. யாரும் சிரிக்கவில்லை.

"காவலுக்கு ஆள் போடுங்க, இறங்குறேன்" என்றார் நெதில்கோ.

"குழாயை எடுத்தது யாருன்னு விசாரிக்கட்டுமா?" என்றார் லொவ்ரிச்.

நெதில்கோ முகக்கவசத்தைக் கழற்றினார்.

"விசாரிக்க வேண்டாம். நான்தான் எடுத்தேன். அந்தப் பாவத்தைச் சாகுற வரைக்கும் நான் சுமக்குறேன். காவலுக்கு நின்னவனை வீட்டுக்கு அனுப்பின பாவத்தை யார் சுமக்குறது?"

இறங்காதவர்கள் நாளை வரவேண்டாம் என்றார் லொவ்ரிச். நெதில்கோ தொட்டி வாயிலருகே தரையில் அமர்ந்தார். ஷீமே தம் பற்றவைக்கும் தீக்குழலை அணைத்துவிட்டு அருகே அமர்ந்தார். அதன்பின் தளமெங்கும் ஒவ்வொரு சுடராக அணைந்தது. லொவ்ரிச் தொலைபேசியை எடுத்துக்கொண்டு அலுவலகம் நோக்கி விரைந்தார்.

அப்போது தலைக்குமேல் ஓடிக்கொண்டிருந்த பாரந்தூக்கியும் நின்றது. அதை இயக்குகிறவள் மாத்தியா. காற்று அலைக்கழிக்க, அதன் நெடிய ஏணியில் அவள் மெல்ல இறங்கினாள். அவள் நெருங்க நெருங்க நெதில்கோ தலையைத் தாழ்த்திக்கொண்டார்.

"கொஞ்சம் நகந்து உக்காருங்க" என்றாள்.