மாமனாரின் அழுகை

மூளையில் புது நினைவுகளைச் சேர்க்கும் பகுதி மாமனாருக்குக் காய்ச்சலில் அழிந்துவிட்டது. அதற்குப் பின் மாமியார் இறந்தது அவர் நினைவில் தங்கவில்லை. அவர் மனைவி எங்கே என்று கேட்டால், கடைக்குப் போயிருப்பதாகச் சொல்லச் சொன்னான் மகன்.

வீட்டில் அவரைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் சாப்பிடப் போகும்போதெல்லாம் மருமகள் அவர் எதிரே வந்து உட்காருவாள்.

"உங்க அத்தை எங்கேம்மா?"

"செத்துட்டாங்க மாமா. எரிச்சாச்சு."

நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுவார். அழுகை ஓய்ந்ததும் மறந்துவிட்டு மறுபடி கேட்பார். அவளும் சலிக்காமல் சொல்வாள்.

நாளடைவில், அவளைக் கண்டாலே காரணம் தெரியாமல் அழத் தொடங்கினார்.

"நடந்தது மறந்துடும். ஆனா மனசுல பட்ட உணர்ச்சி மூளையில வேற இடத்துல தங்கிடும்," என்றார் டாக்டர்.

மகன் நெகிழ்ந்துபோனான்.

"பாத்தியா, உன்மேல அப்பாவுக்கு எவ்வளவு பாசம்! நாளையிலேர்ந்து நர்ஸ் வேண்டாம். நீயே கூட இரு."