ஒன்பது கைப்பிடிகள்

"எங்க வீட்டு ஜன்னல் ஒம்பதும், ஆள் கை படாம, ஒரே நிமிஷத்துல, பரேட்டுல நிக்கிற போலீஸ்காரன் மாதிரி வரிசையா தொறந்துச்சு. அதுவும் இறுக்கிப் பூட்டியிருந்த ஜன்னல்!"

ரெங்கசாமி இதைச் சொல்லிவிட்டு ஒட்டுக்கடை மேசையை ஒரு தட்டுத் தட்டினார். தே தாரேக் டீக் கிளாஸ்கள் துள்ளின. அடுத்து வரப்போகும் வசவுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்.

கிள்ளான் துறைமுகத்தில் முப்பத்தோரு வருடம் கிரேன் ஓட்டியவர் அவர். கிரேன் ஓட்டியது பகலில் எட்டு மணி நேரம். கதை விட்டது மீதி நேரமெல்லாம். ஒருமுறை கொள்கலனோடு சேர்ந்து ஒரு கப்பல் கேப்டனும் மேலே போய்விட்டாராம். நாசி லெமாக் சாப்பிட்டுக்கொண்டிருந்த அந்த மனிதரை, ஒரு நிலக்கடலைகூடச் சிந்தாமல் ரெங்கசாமி திரும்ப இறக்கி வைத்தாராம். கிள்ளான் ஆற்று முதலை இவரைக் கண்டால் இன்றைக்கும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறதாம். தெலுக் பூலாய் வட்டாரத்தில் இதையெல்லாம் நம்பியவர் ஒருவரும் இல்லை. நம்பாததைச் சத்தமாகச் சொல்வதற்கென்றே பக்கிரிசாமி என்றொரு கூட்டாளி இருந்தார். "டேய் ரெங்கா, அந்த முதலைக்குப் பேச வாய் இருந்தா அழும்டா!" என்று அவர் கத்துவார். கடையே சிரிக்கும். அந்தச் சிரிப்புக்காகத்தான் ரெங்கசாமி மறுநாள் இன்னும் பெரிதாக ஒன்றைக் கொண்டுவருவார்.

இன்று பக்கிரிசாமி கத்தவில்லை. கிளாஸைச் சுற்றிச் சுற்றி நகர்த்தினார்.

"இருக்கும்பா," என்றார். "நடந்திருக்கும்."

"என்னடா இருக்கும்? பூட்டின ஜன்னல்ங்கிறேன்!"

"விமலனாத்தான் இருக்கும் ரெங்கா. வீட்டைப் பார்க்க வந்திருப்பான்."

பக்கத்து மேசையில் இருந்தவர்களும் தலையை ஆட்டினார்கள். கடைக்காரர் ஒரு மீ கோரெங் தட்டைக் கேட்காமலே கொண்டுவந்து வைத்தார்.

இரண்டு வருடமாக இதே கதைதான். மகன் விமலன் ஷா ஆலம் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து மோட்டார் சைக்கிளில் வரும்போது ஒரு லோரிக்கு அடியில் போனதிலிருந்து, ரெங்கசாமி எதைச் சொன்னாலும் ஊர் நம்பியது. நிலாவில் கிரேன் ஓட்டினேன் என்று சொல்லிப் பார்த்தார். "ஓ, அங்க சூடு எப்படிண்ணே?" என்று பரிவாகக் கேட்டார்கள். ஒரு புளுகனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை உண்டா? பொய்யன் என்று முகத்துக்கு நேரே சொல்ல உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் மிச்சம். அது மனைவி வீரம்மா. அவளும் இன்று நான்கு மணிக்குப் பூச்சோங்குக்குப் போகிறாள், தங்கை அமுதவள்ளி வீட்டோடு இருந்துவிட.

காரணம் அந்த ஜன்னல்கள்தான்.

விமலனின் கருமாதி வரைக்கும், சந்துக்குள் எந்த மோட்டார் சைக்கிள் நுழைந்தாலும் வீரம்மா ஜன்னலுக்கு ஓடிக்கொண்டிருந்தாள். ஒரு நாளைக்கு இருபது தடவை, முப்பது தடவை. கருமாதி முடிந்த மறுநாள் ஒன்பது ஜன்னலையும் அடைத்தாள், திரையை இழுத்துவிட்டாள், "இனிமே தொறக்கக் கூடாது" என்றாள். அதோடு பேச்சும் குறைந்தது. வீட்டுக்குள் காற்று ஊறுகாய் ஜாடிக்குள் இருப்பதுபோல் கிடந்தது. சுவரில் கறுப்பாய்ப் பூஞ்சை ஏறியது.

ஜன்னலை அடைத்தால் துரு சும்மா இருக்குமா? கடல் காற்று மெதுவாகத் தின்றது. போன வாரம் ஹாலில் ஒரு கைப்பிடி தானாகக் கழன்று விழுந்தது. மற்றவை ஆட்டம் கண்டன. வாகனம் போகும்போதெல்லாம் கண்ணாடி கடகடத்தது. அன்றைக்குத்தான் வீரம்மா ஒன்பது நாளுக்குப் பிறகு வாய் திறந்தாள்.

"என்னங்க. சத்தம் உள்ள வருது. கைப்பிடியெல்லாம் மாத்துங்க."

ரெங்கசாமிக்குத் தரையில் கால் பாவவில்லை. அவள் ஒன்று கேட்டுவிட்டாள்! பினாங்குப் பாலத்தைக் கழற்றி வாசலில் வை என்றிருந்தால்கூட ஸ்பேனரோடு கிளம்பியிருப்பார்.

"ஆனா மாட்டி முடிச்சப்புறம் தொறக்கக் கூடாது," என்றாள்.

"விமலன் போட்டோ மேல சத்தியம், வீரம்மா. எறும்பு போற அளவுக்குக்கூடத் தொறக்க மாட்டேன்."

எத்தனை கைப்பிடி வேண்டும், எந்தப் பக்கத்துக்கு வேண்டும் என்று பார்க்க வேண்டுமே. உள்ளேயிருந்து பார்க்கத் திரையை விலக்க வேண்டும். மாட்டும் நேரம் தவிர அதற்கு அவள் விடமாட்டாள். ஆகவே வெளியே போய், காம்பவுண்டைச் சுற்றி வந்து, கண்ணாடி வழியாகவே கணக்கெடுத்தார். ஒன்பது ஜன்னலும் ஒரே பக்கம் திறப்பவை. நல்லதாய்ப் போயிற்று.

ஹார்ட்வேர் கடை முதலாளி, சீனத் தவுக்கே, இரண்டு கைப்பிடிகளைத் தூக்கிக் காட்டினார். "அங்கிள், கிரியா, கானானா?" இடதா, வலதா என்று கேட்டார்.

"கானான்! ஒம்பதும் கானான்!" என்றார் ரெங்கசாமி, கப்பலுக்குக் கட்டளை கொடுப்பதுபோல்.

வீட்டுக்கு வந்து முதல் கைப்பிடியைச் சட்டத்தில் வைத்ததும் தெரிந்தது, சட்டத்தைக் கவ்வ வேண்டிய நாக்கு எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. வெளியே நின்று பார்த்தால் வலது என்பது, உள்ளே நின்றால் இடதாகிவிடும் என்பது மூன்று வயதுக் குழந்தைக்குக்கூடத் தெரியும். கடைக்குத் திரும்பப் போய், முப்பத்தோரு வருடம் கிரேன் ஓட்டியவனுக்கு இடது வலது தெரியாது என்று தவுக்கேயிடம் எப்படிச் சொல்வது? கைப்பிடியைத் தலைகீழாகத் திருப்பி வைத்துப் பார்த்தார். நாக்கு சரியாகப் போய்க் கவ்வியது. பூட்டினால் கீழே தொங்க வேண்டிய கைப்பிடி மேல்நோக்கி நின்றது, அவ்வளவுதான். ஒன்பதையும் அப்படியே மாட்டினார். கீலுக்கெல்லாம் எண்ணெய் விட்டார். சத்தம் நுழையக் கூடாதென்று சட்டத்தைச் சுற்றித் தடித்த ரப்பர் ஒட்டி, உடம்பெல்லாம் போட்டு அழுத்தி அடைத்தார்.

வீடு கல்லறை மாதிரி அமைதியானது. வீரம்மா சுவரில் காதை வைத்துக் கேட்டாள். "ம்," என்றாள். அந்த "ம்"முக்காக அவர் இன்னொரு முப்பத்தோரு வருடம் கிரேன் ஓட்டுவார்.

மறுநாள், அதாவது நேற்று, மூன்றரைக்குத் துறைமுகத்துச் சரக்கு ரயில் வீட்டுக்குப் பின்பக்கம் போனது. அறையில் படுத்திருந்த வீரம்மா எழுந்து வந்து பார்த்தாள். ஒன்பது ஜன்னலும் திறந்து கிடந்தன. திரைகள் பறந்துகொண்டிருந்தன. ஹால் நடுவே கணவர் நின்றிருந்தார். கையில் ஸ்க்ரூடிரைவர் வேறு.

"நான் இல்ல வீரம்மா! அதுவா தொறந்துச்சு!"

அவள் கத்தவில்லை. மகன் படத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "அவன் மேலயே பொய் சத்தியமா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு அவரையே எல்லாவற்றையும் அடைக்க வைத்துவிட்டுத் தங்கைக்குப் போன் போட்டாள்.

ஒட்டுக்கடையில் மீ கோரெங் ஆறிக்கொண்டிருந்தது. விமலனாத்தான் இருக்கும். ரெங்கசாமி அதை மனசுக்குள் சொல்லிப் பார்த்தார். அவர் ஆயுசிலேயே நல்ல பொய் அதுதான். அதைப் போய்ச் சொன்னால் வீரம்மா ஒருவேளை பையைக் கீழே வைப்பாள். ஒருவேளை ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு தினமும் மூன்றரைக்குக் காத்திருப்பாள். இருபது தடவை, முப்பது தடவை. சாகும் வரைக்கும்.

எழுந்து நடந்தார். காம்பவுண்டுக்குள் நுழைந்தபோது கண்ணாடிக்கும் திரைக்கும் நடுவே கைப்பிடி தெரிந்தது. தலையை மேலே தூக்கிக்கொண்டு நின்றது. எந்நேரமும் கீழே விழத் தயாராக. அவருக்குச் சட்டென்று எல்லாம் விளங்கியது. படியில் உட்கார்ந்துவிட்டார்.

வீரம்மா ஹாலில் பையோடு இருந்தாள். மணி மூன்று.

"என்ன, கடையில கதை எடுபட்டுச்சா?" என்றாள்.

"எல்லாரும் நம்பிட்டாங்க."

"அப்ப எங்கிட்ட என்ன சொல்லப் போறீங்க? புள்ள வந்தான்னா?"

அவர் வாய் அந்த வார்த்தைக்காகத் திறந்தே விட்டது. மூடிக்கொண்டார்.

"இல்ல. கைப்பிடியைத் தலைகீழா மாட்டியிருக்கேன். ரயில் போனா அதிர்வுல கீழ விழுந்துடுது. ரப்பர் தடிப்பு, கண்ணாடியை வெளிய தள்ளுது. இடது வலது பார்க்கத் தெரியாம வாங்கிட்டேன் வீரம்மா. புத்தி கெட்டவன் நான்."

அவர் தன்னையே முட்டாள் என்று சொல்லி அவள் கேட்டதில்லை. ஆனாலும் நம்பவில்லை.

"அங்க உட்காருங்க," என்று ஹால் நடுவே நாற்காலியைக் காட்டினாள். "கையை மடியில வைங்க."

ஒன்பது ஜன்னலையும் தன் கையாலேயே அழுத்தி அடைத்து, ஒன்பது கைப்பிடியையும் மேலே திருப்பி, திரைகளை ஒதுக்கிவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். கல்யாணத்தன்றுகூட இருவரும் இப்படி நேருக்கு நேர் உட்கார்ந்ததில்லை.

மூன்றரை ஆயிற்று. பயணிகள் ரயில் ஒன்று போனது, பூனை நடப்பதுபோல. ஒன்றும் அசையவில்லை. மூன்றே முக்கால். சரக்கு ரயிலைக் காணோம். வருடக்கணக்கில் தூக்கத்தைக் கெடுத்த சனியன் இன்று எங்கே போய்த் தொலைந்தது? ரெங்கசாமியின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

வாசலில் கார் ஹார்ன் அடித்தது. அமுதவள்ளி.

வீரம்மா எழுந்தாள். பையை எடுத்தாள். "பால் ஐஸ்பெட்டியில இருக்கு," என்பதுபோல எதையோ சொல்ல வாயெடுத்தவள், திரும்பிக் கதவுத் தாழ்ப்பாளை நீக்கினாள். ரெங்கசாமி மடியிலிருந்து கையை எடுக்கவில்லை. எடுத்தால் அதையும் பொய்க்கணக்கில் சேர்த்துவிடுவாள்.

அப்போது தரை முனகியது.

முதலில் விமலன் படம் ஆணியில் நடுங்கியது. பிறகு அலமாரிக் கிளாஸ்கள். நாற்பது பெட்டியோ நானூறு பெட்டியோ, உலகத்து இரும்பையெல்லாம் ஏற்றிக்கொண்டு அது வந்தது. சமையலறையில் "டக்" என்றது. அறையில் "டக்." ஹாலில் அவள் கண்ணெதிரே மூன்று கைப்பிடிகள், தூக்கக் கலக்கத்தில் தலை சாய்வதுபோல, ஒன்றன்பின் ஒன்றாய்க் கீழே விழுந்தன. கண்ணாடிகள் மெல்ல வெளியே போயின. திரை எழும்பியது. இரண்டு வருடத்துப் புழுக்கத்துக்குள் டீசல் வாடையும் எங்கோ வறுக்கும் மிளகாயின் நெடியும் நுழைந்தன.

ரயில் கடந்தது. அதன் பின்னால், சந்துமுனையில், ஒரு மோட்டார் சைக்கிள் சத்தம்.

வீரம்மாவின் உடம்பு ஜன்னல் பக்கம் திரும்பியது. கால் எழும்பவில்லை. சத்தம் நெருங்கியது, வாசலுக்கு வந்தது, நிற்காமல் போனது. முழுக்கத் தேய்ந்து மறையும்வரை அவள் கேட்டாள். ரெங்கசாமி அவள் முகத்தைப் பார்க்கத் துணியாமல் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அமுதவள்ளி உள்ளே வந்து திகைத்து நின்றாள். "அக்கா! எல்லாத்தையும் தொறந்து போட்டுட்டாரா மாமா?" அவர் இரண்டு கையும் மடியில் கிடப்பதைப் பார்த்ததும் அவள் குரல் இறங்கியது. "ஐயோ... நம்ம விமலனா அக்கா?"

பை இன்னும் வீரம்மாவின் கையில்தான் இருந்தது.

"இல்லடி," என்றாள். "அவன் வரல. கைப்பிடி தலைகீழா இருக்கு. அவரு சொன்ன மாதிரியே அதுவா தொறந்துச்சு. நான் பார்த்தேன்."