கட்டிலில் ஒரு சிறுநீரகம்

அந்தத் தனியார் மருத்துவக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு ஆகஸ்டில் மாணவர்களுக்கு நோயாளிகள் கண்ணுக்குத் தெரியாமல் போவார்கள். கட்டிலில் நோயுள்ள உறுப்பு மட்டும் தெரியும். உறுப்புக்கு வாயில்லாததால் அது முனகினாலும் காதில் விழாது. நர்ஸுகளுக்கு முழு ஆளும் தெரியும். அவர்களை யார் கேட்டார்கள்? ஒருவரும் பதறவில்லை. சீக்கிரமே நோயாளி தெரியாமல் போன பிள்ளைகளுக்கு அடையாற்றிலும் தி. நகரிலும் பெற்றோர் கேக் வெட்டினார்கள்.

இதெல்லாம் பாடத்திலேயே இருந்தது என்பதுதான் கேவலம். சமூகவியல் விரிவுரையாளர் உம்மே ஹானி இருபத்திரண்டு வருஷமாக, சனிக்கிழமை மத்தியானம் பாதி வகுப்பு தூங்கும் நேரத்தில், மருத்துவர் எப்படி உருவாக்கப்படுகிறார் என்ற அத்தியாயத்தை முதலாமாண்டுக்கு நடத்தினாள். மனுஷன் எப்படி மறைந்து போகிறான், அதைத் தடுக்க ஐந்து வழிகள். பிள்ளைகள் உருப்போட்டார்கள், பரீட்சைத் தாளில் கக்கினார்கள், அவளும் பத்துக்கு ஒன்பது போட்டாள். எழுதிக் காட்டினால் போதும், பார்வை போகாது என்று நம்புகிற ரகம் அவள். அதைச் சொல்லியே இரண்டு மாநாடுகளுக்குப் போய்வந்தாள்.

பிறகு ராயப்பேட்டையில் தையல் கடை வைத்திருந்த, அவளைப் பெற்ற அத்தா ஷாஹுல் ஹமீது சிறுநீரகக் கோளாறோடு அந்தக் கல்லூரி ஆஸ்பத்திரியிலேயே வந்து படுத்தார். வார்டுக்குப் பொறுப்பு மகேஷ், அவளிடம் படித்துத் தங்கப் பதக்கம் வாங்கியவன். திங்கட்கிழமை காலையில் அத்தா முனகினார்.

"எடது காலு ஐஸ் மாதிரி கீது. டாக்டராண்ட சொல்லும்மா."

எட்டு மாணவர்கள் பின்தொடர மகேஷ் வந்தான்.

"அத்தா கால் சில்லிட்டுக் கிடக்கு மகேஷ். கொஞ்சம் பாருப்பா."

அவன் கட்டிலை மரியாதையாக உற்றுப் பார்த்தான். "கால் எங்க மேடம் இருக்கு? கிட்னிதான் இருக்கு. நல்லா தேறிட்டு வருது."

"என் கிளாஸ்ல இதைத்தானடா படிச்சே?"

அவன் முகம் மலர்ந்தது. "மறக்க முடியுமா மேடம்! நோயாளியை முழு மனிதராகக் காண ஐந்து வழிகள்." ஐந்தையும் வரிசை மாறாமல் ஒப்பித்தான். மாணவர்கள் குறித்துக்கொண்டார்கள். உம்மே ஹானிக்கு அவனை அறைய வேண்டும்போல இருந்தது; அதைவிட, அந்த ஒன்பது மார்க்கைப் போட்ட தன் கையை வெட்டிப்போட வேண்டும்போல இருந்தது.

புதன்கிழமை கால் கறுத்தது. நாற்றம் மூக்கில் ஏறிய பிறகு சர்ஜன் வந்தார். கட்டிலில் ஒரு கால் தனியாகக் கிடப்பதைக் கண்டு, முழங்காலுக்கு மேலே எடுத்தார். வெட்டு வெகு சுத்தம் என்று எல்லாரும் மெச்சினார்கள்.

அடுத்த வாரம் சிறுநீரகம் குணமாகிவிட்டது, காலும் இல்லை. ஆகவே மகேஷ் வந்தபோது கட்டில் காலி. "குட்" என்று சொல்லிவிட்டு, வராந்தாவில் காத்திருந்த பித்தப்பை ஒன்றை அங்கே படுக்கவைக்கச் சொன்னான். பித்தப்பைக்குச் சொந்தக்காரர், மயிலாப்பூர் பூக்கடை சண்முகசுந்தரம், தலையணையோடு வந்து தயங்கி நின்றார்.

"இன்னா பாய், நீ படுத்துக்கினு கீறியே?"

"பரவால்ல, நீயும் படு நைனா" என்று ஷாஹுல் ஹமீது சுவரோரமாக நகர்ந்தார். ஒரு கால் குறைந்திருந்ததால் இடம் தாராளமாகவே இருந்தது.